கேட்காமலே அடுக்கி வைக்கும் கால்குலேட்டர்

தப்பான விடை தரும் கால்குலேட்டர் மேல் எனக்குப் பெரிய கோபம் கிடையாது. பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது ஒரே பொத்தானை இரண்டு தடவை அழுத்தியிருப்போம். திரும்பப் போட்டுப் பார்த்தால் தீர்ந்தது. எனக்கு ஆகாதது வேறு. கேட்ட கேள்வியைத் தன் வசதிக்கு மாற்றிக்கொண்டு, மாற்றியதை வாய் திறந்து சொல்லாமல், அந்த மாற்றிய கேள்விக்குச் சுத்தமான விடையைக் கொண்டுவந்து வைக்கிறதே, அதுதான். அணிக் கணக்கில், அதாவது எண்களைக் கட்டமாக அடுக்கிய மேட்ரிக்ஸ் கணக்கில், இது நடக்கிறது. எண்களைப் போட்டால் ஒழுங்காக இருக்கும் கருவி, எழுத்துகளைப் போட்டதும் இந்த வேலையைக் காட்டுகிறது. பாலிடெக்னிக்கில் என்னோடு கணக்கு எடுக்கிறவர்கள், நான் இந்தப் பேச்சை ஆரம்பித்தாலே டீக்கடைப் பக்கம் நகர்ந்துவிடுகிறார்கள். சரி, இங்கே எழுதிவிடுவோம்.

அதற்கு முன் ஒரு ஏற்பாடு. புத்தகங்களில் அணிகளுக்கு ஏ, பி என்று பெயர் வைப்பார்கள். நான் க, ச என்று வைத்துக்கொள்கிறேன். ‘ஏபி’யைத் திருப்பிப் போட்டால் ‘பிஏ’ என்று வந்து பட்டப்படிப்பு ஞாபகம் வந்துவிடுகிறது. அணியை [1 1; 0 1] என்று எழுதுவேன், அரைப்புள்ளிக்கு அப்புறம் வருவது அடுத்த நிரை. க-வை ச-வால் பெருக்கிய கச-வும், வரிசை மாற்றிப் பெருக்கிய சக-வும் பொதுவாக ஒன்றாக இருக்காது என்பது பன்னிரண்டாம் வகுப்பு தாண்டிய எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாடத்தை இங்கே நடத்தப்போவதில்லை.

அக்கா மகன் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். ப்ராஜெக்டுக்காக ஒரு சின்ன ரோபோ கை செய்துகொண்டிருந்தான். டவுன் ஹால் ரோடு பக்கம் வாங்கிய சர்வோ மோட்டார்கள், அக்ரிலிக் தகடு, ஒயர் குப்பை என்று பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டு முன் அறை முழுக்க அவன் ராஜ்ஜியம். கையின் கோணத்தையும் வேகத்தையும் ஒரு நிரலில், அதாவது ஒன்றன்கீழ் ஒன்றாக, எழுதிக்கொள்கிறான். ஒவ்வொரு ஸ்டெப்பிலும் அந்த நிரல் (க + ச) என்ற அணியால் பெருகுகிறது. க என்பது மோட்டாரின் சொந்தப் போக்கு, ச என்பது கட்டுப்பாடு சேர்க்கும் பகுதி. இரண்டு ஸ்டெப் தள்ளிக் கை எங்கே நிற்கும் என்று கேட்டால் (க + ச)². அதைப் பேப்பரில் விரிக்கச் சோம்பல்பட்டு, ஃபோனில் இருந்த ஒரு சிம்பாலிக் கால்குலேட்டர் ஆப்பில், அதாவது எழுத்துகளை வைத்தே கணக்குப் போடும் ஆப்பில், போட்டான். என்ன ஆப் என்பது இங்கே தேவையில்லை. அது க² + 2கச + ச² என்று விரித்துக் கொடுத்தது. பள்ளிக்கூடச் சூத்திரம், பார்த்ததும் பழக்கமான முகம் மாதிரி இருந்திருக்கும், ரிப்போர்ட்டில் அப்படியே ஏற்றிவிட்டான். அப்புறம் க-வுக்கும் ச-வுக்கும் ஆளுக்கொரு அணியைக் கொடுத்தான். ஆப் மறுக்கவில்லை. முறையாகப் பெருக்கிக் கூட்டி ஒரு அணியை நீட்டியது.

இத்தனைக்கும் வரிசை மாறினால் விடை மாறும் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. முந்தின வாரம்தான் அதே கையின் மூட்டுகளை விளக்க, லாங் சைஸ் நோட்டு ஒன்றை மேஜையில் வைத்து எனக்கே காட்டினான். நோட்டு மேஜையில் படுத்திருக்கிறது, அட்டை கூரையைப் பார்க்கிறது, தலைப்பை நான் நேராகப் படிக்க முடிகிறது. முதலில் அதை என் பக்கம் அட்டை தெரியும்படி நிமிர்த்தி நிறுத்து. அப்புறம் நின்ற நிலையிலேயே கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் கால் சுற்றுத் திருப்பு. அட்டை இப்போது வலது சுவரைப் பார்க்கிறது, தலைப்பு நிமிர்ந்து நிற்கிறது. பழையபடி படுக்க வை. இந்தத் தடவை முதலில் மேஜையோடு மேஜையாகக் கால் சுற்றுத் திருப்பிவிட்டு, அப்புறம் நிமிர்த்து. அட்டை என்னைப் பார்க்கிறது, தலைப்பு பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. செய்தது அதே இரண்டு வேலைதான். ரோபோவின் அடிப்பாகம் திரும்புவதும் தோள் எழும்புவதும் இதுவேதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு 3×3 அணி, பெருக்கும் வரிசை மாறினால் கை வேறு சுவரைப் போய் முட்டும். இதை நோட்டில் காட்டத் தெரிந்த பையன்தான் 2கச என்பதைக் கேள்வி கேட்காமல் எழுதிக்கொண்டான். நோட்டைத் திருப்பியது அவன் கை; சூத்திரத்தை விரித்தது ஆப். அங்கேதான் வித்தியாசம்.

எட்டு எப்படி வரும்?

ரிப்போர்ட்டைப் பார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தான். 2கச-வைப் பார்த்ததும் எனக்கு உறுத்தியது. ஆனால் நானாகச் சொல்லாமல், “மாப்ள, சின்ன எண்ணா ரெண்டு அணி போட்டுச் சரிபார்த்தியா?” என்று மட்டும் கேட்டேன். க = [1 1; 0 1], ச = [1 0; 1 1] என்று எடுத்துக்கொண்டான். ஆப்பின் சூத்திரத்தில் போட்டால் [6 4; 4 4] வந்தது. “சுவடு பத்து. தனியா க ஸ்கொயர், ச ஸ்கொயர், ரெண்டு கச-ன்னு கூட்டினாலும் பத்துதான் மாமா, சரியாத்தான் இருக்கு” என்றான். சுவடு, அதாவது மூலைவிட்டத்தில் இருக்கும் எண்களின் கூட்டுத்தொகை, சீக்கிரம் சரிபார்க்க எல்லோரும் பிடிக்கும் முதல் கம்பு. அந்தக் கம்பு இங்கே உதவாது. கச-வின் சுவடும் சக-வின் சுவடும் எப்போதும் சமம். வரிசையை எப்படிக் குழப்பினாலும் இரண்டு அணிப் பெருக்கத்தில் சுவடு வாயைத் திறக்காது. இந்த ஒரு காரணத்தால்தான் கச − சக என்பது முடிவுள்ள அளவு கொண்ட எந்த அணிகளுக்கும் அலகு அணியாக (மூலைவிட்டத்தில் 1, மற்ற இடத்தில் 0) ஆக முடியாது. 1925-இல் குவாண்டம் இயற்பியலுக்காக ஹைசன்பர்க் எழுதியதில் ஒளிந்திருப்பது அணிப் பெருக்கல் என்று மாக்ஸ் பார்ன் கண்டுகொண்டபோது, அவர்களுக்கு முடிவில்லாத நிரை நிரல் கொண்ட அணிகள் தேவைப்பட்டதும் இதனால்தான். அது பெரிய கதை, நம் கதைக்கு வருவோம்.

அடுத்து அவன் பையிலிருந்து கேசியோ எஃப்எக்ஸ்-991எம்எஸ்-ஐ எடுத்து, அந்த [6 4; 4 4]-ஐ ஏற்றி அணிக்கோவை, அதாவது டிடர்மினன்ட், போட்டான். 8 வந்தது. கால்குலேட்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “மாமா, இது ஒரு அணியோட வர்க்கம். அப்ப டிடர்மினன்ட்டும் ஒரு எண்ணோட வர்க்கமாத்தானே இருக்கணும்? உள்ள இருக்கிறதெல்லாம் முழு எண். எட்டு எப்படி வரும்?”

நான் வகுப்பில் நடத்தும்போது ஒரு பையனாவது இப்படிக் கேட்டதில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். பெருக்கத்தின் அணிக்கோவை என்பது அணிக்கோவைகளின் பெருக்கம். முழு எண் அணி ஒன்றை வர்க்கப்படுத்தினால் அதன் அணிக்கோவை 0, 1, 4, 9, 16 என்றுதான் வர முடியும். எட்டுக்கு அந்தத் தெருவில் வீடே கிடையாது. அப்புறம் நேராகவே போட்டுப் பார்த்தான். க + ச = [2 1; 1 2]; அதன் அணிக்கோவை 3. வர்க்கப்படுத்தினால் [5 4; 4 5], அணிக்கோவை 9. ஆப் கொடுத்ததிலிருந்து இதைக் கழித்தால் மிச்சம் [1 0; 0 −1]. கச = [2 1; 1 1], சக = [1 1; 1 2]; ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தாலும் அதே [1 0; 0 −1]. ஆக, ஆப் சக என்று இருக்க வேண்டிய இடத்தில் கச என்று எழுதி, இரண்டையும் சேர்த்து ‘2’ போட்டிருக்கிறது. உறுதிக்காக வெறும் எழுத்தில் க×ச − ச×க என்று அடித்தான். 0 என்று வந்தது. வெறும் சுழி. எச்சரிக்கை ஒன்றும் இல்லை.

கவனிக்க வேண்டியது, அந்த 991எம்எஸ் இப்படி ஏமாற்ற வழியே இல்லை. அதில் எழுத்துக் கணக்கு கிடையாது. 3×3 வரை மூன்று அணிகளை ஏற்றலாம், எந்த வரிசையில் பெருக்கச் சொல்கிறோமோ அந்த வரிசையில் பெருக்கும், அளவு ஒத்துப்போகாவிட்டால் எர்ரர் என்று நின்றுவிடும். அதற்குத் தெரிந்தது கொஞ்சம், தெரிந்த வரைக்கும் நேர்மை.

ஏன் அடுக்குகிறது

எழுத்துக் கணக்குப் போடும் மென்பொருளின் பக்கம் நின்றும் கொஞ்சம் பேச வேண்டும். 3பஅ + 2அப என்று ஒருவர் எழுதினால் 5அப என்று அது சொல்ல வேண்டும் என்றுதான் நாம் எதிர்பார்க்கிறோம். அதற்கு அது பிடித்திருக்கும் வழி எளிது: ஒவ்வொரு உறுப்பிலும் இருக்கும் எழுத்துகளை அகர வரிசைப்படி அடுக்கிவிடு, அடுக்கியபின் ஒரே மாதிரி இருப்பவை ஒன்று, அவற்றின் கெழுக்களைக் கூட்டு. இரண்டு கோவைகள் சமமா என்ற கேள்வியே இப்படித்தான் ‘இரண்டும் பார்க்க ஒன்றா’ என்ற சின்னக் கேள்வியாகிவிடுகிறது. வேகமெல்லாம் இந்த அடுக்கலில் இருக்கிறது. ஆனால் அடுக்குவது எப்போது? நாம் என்டர் தட்டிய அந்த நொடியிலேயே. க ஒரு அணி என்று நாம் பிறகு சொல்லும்போது சக என்ற உறுப்பு அங்கே இல்லை, கச-வோடு கரைந்துவிட்டது. திரும்ப எடுக்க வழியில்லை.

வரிசையைக் காப்பாற்றுவது என்றால் செலவு அதிகம். (க + ச)¹⁰-ஐ விரிக்கும்போது இடம் மாற்றலாம் என்றால் 11 உறுப்புகள். மாற்றக் கூடாது என்றால் பத்து இடத்திலும் க அல்லது ச, மொத்தம் 1024. அதோடு போகாது; எழுத்துகளுக்கு இடையே கசக = ச என்பது மாதிரி சில உறவுகளைக் கொடுத்துவிட்டு, இரண்டு எழுத்துச் சரங்கள் சமமா என்று கேட்டால், எல்லாக் கேள்விக்கும் விடை சொல்லும் ஒரு பொதுச் செய்முறை இருக்கவே முடியாது என்று 1947-இல் போஸ்ட், மார்க்கோவ் என்ற இரண்டு கணிதர்கள் தனித்தனியே நிறுவிவிட்டார்கள். அதனால் எழுத்து என்றால் சாதாரண எண் என்று எடுத்துக்கொண்டு ஆரம்பிப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆப்பைத் திறக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு அதுதான் வேண்டும். என் வழக்கு அடுத்த படியைப் பற்றியது. எண் என்று நினைத்து ஒரு எழுத்தை அடுக்கி முடித்த பிறகு, அதே எழுத்தில் ஒரு அணியைக் கொண்டுவந்து வைக்க எப்படி விடலாம்? அந்த இடத்தில் ‘இதை எண் என்று நினைத்து ஏற்கெனவே சுருக்கிவிட்டேன்’ என்று ஒரு வரி போட்டு நிறுத்தினால் போதும். ஒரு வரிதான் கேட்கிறேன்.

குறியிலா, எழுத்திலா

பெரிய மென்பொருள்கள் இதை யோசிக்காமல் இல்லை. இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று, பெருக்கல் குறியை இரண்டாகப் பிரிப்பது. 1968-இல் எம்ஐடியில் தொடங்கிய மேக்சைமாவும், அதன் வாரிசாக இன்று இலவசமாகக் கிடைக்கும் மேக்ஸிமாவும் இந்தக் கட்சி: நட்சத்திரம் போட்டால் இடம் மாற்றலாம், புள்ளி போட்டால் மாற்றக் கூடாது. மேத்தமேட்டிகாவிலும் அணிப் பெருக்கலுக்குப் புள்ளி, பொதுவாக வரிசை காக்கும் பெருக்கலுக்கு இரட்டை நட்சத்திரம். இன்னொன்று, எழுத்திலேயே குணத்தை ஏற்றுவது. பைத்தான் மொழியின் எழுத்துக் கணக்குத் தொகுப்பான சிம்பையில் ஒரு எழுத்தை உருவாக்கும்போதே ‘இது இடம் மாறாது’ என்று அறிவித்துவிடலாம். அதற்கப்புறம் சாதாரண நட்சத்திரத்தாலேயே (க + ச)²-ஐ விரித்தாலும் க² + கச + சக + ச² என்று நான்கும் தனித்தனியே நிற்கும்.

நான் இரண்டாவது கட்சி. இடம் மாறாத குணம் அணிக்குச் சொந்தம். பெருக்கல் குறியில் ஏற்றினால் ஒவ்வொரு தடவையும் நாம் நினைவு வைத்துப் புள்ளி போட வேண்டும், ராத்திரி பதினோரு மணிக்கு மறுநாள் ரிவ்யூவுக்கு வேலை செய்கிறவன் ஒரு இடத்தில் நட்சத்திரம் போட்டுவிடுவான். போட்டால் என்ன ஆகும்? மேக்ஸிமாவிலும் மேத்தமேட்டிகாவிலும் இரண்டு அணிகளுக்கு நடுவே நட்சத்திரம் என்றால் அந்தந்த இடத்து எண்ணை அந்தந்த இடத்து எண்ணோடு பெருக்குவது. பைத்தானின் எண் கணக்குத் தொகுப்பான நம்பையிலும் அப்படியே. மேலே சொன்ன க-வையும் ச-வையும் அப்படிப் பெருக்கிப் பாருங்கள்: [1 0; 0 1]. அலகு அணி! இதைப் பார்க்கிற பையன் ச-தான் க-வின் நேர்மாறு என்று சத்தியம் செய்வான். இடம் மாற்றிப் பெருக்கினாலும் அதே அலகு அணி வரும் என்பதால் சரிபார்ப்பும் தேறிவிடும். அடுக்குக் குறியும் இப்படித்தான். மேக்ஸிமாவில் [1 2; 3 4]-க்கு ஒற்றைக் கூரை (^) போட்டு −1 என்றால் [1 1/2; 1/3 1/4] என்று ஒவ்வொரு எண்ணையும் தலைகீழாக்கித் தரும், நிஜ நேர்மாறான [−2 1; 3/2 −1/2] வேண்டுமென்றால் கூரையை இரண்டு தடவை போட வேண்டும். ஒரு கூரைக்கும் இரண்டு கூரைக்கும் இடையில் ஒரு ப்ராஜெக்டே கவிழலாம். நம்பைக்காரர்கள் பாவம், இதில் நொந்துபோய்த்தான் 2015-இல் வந்த பைத்தான் 3.5-இல் அணிப் பெருக்கலுக்கென்று தனியாக @ குறியை வாங்கிக்கொண்டார்கள்.

வகுத்தல் கதை இதைவிட மோசம். ச-வை க-வால் வகு என்றால் என்ன? க-வின் நேர்மாறை இடது பக்கம் பெருக்குவதா, வலது பக்கமா? மேலே உள்ள எண்களுக்கு இடப்பக்கம் பெருக்கினால் [0 −1; 1 1], வலப்பக்கம் பெருக்கினால் [1 −1; 1 0]. எச்பி-யின் பழைய கால்குலேட்டர்களில், 1982-இன் 15சி-யிலும் பிறகு வந்த 48-இலும், ச-வை ஏற்றி க-வை ஏற்றி வகுத்தலை அழுத்தினால் இடப்பக்கம் பெருக்கிய விடை. சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்கிற இன்ஜினியருக்கு அதுதான் தேவைப்படும் என்று நினைத்திருக்கிறார்கள், அது நியாயம்தான். மேட்லேப் என்ற கணக்கு மென்பொருளில் அதே சாய்கோடு போட்டால் வலப்பக்கம் பெருக்கிய விடை. ஆனால் மேட்லேபிலும் அதன் இலவச மாற்றான ஆக்டேவிலும் எதிர்ப்பக்கம் சாய்ந்த இன்னொரு கோடும் இருக்கிறது; இடது வகுத்தலுக்கு அது. எங்கிட்டு வகுக்கிறாய் என்று கோடே கேட்டுவிடுகிறது. எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும். ஒற்றை வகுத்தல் குறியை அணிக்கு அனுமதிக்கிற எந்தக் கருவியையும், அதன் கையேட்டில் எந்தப் பக்கம் என்று படிக்காமல் நான் தொடுவதில்லை. புதிதாக எந்த ஆப்பைப் பார்த்தாலும் முதலில் க×ச − ச×க என்று அடித்துப் பார்ப்பேன். சுழி வந்தால் அதில் அணி வேலை கிடையாது. அதை வீட்டுக் கடன் தவணை போட வைத்துக்கொள்ளலாம்.

மருமகன் இப்போது சிம்பைக்கு மாறிவிட்டான். மாறின வேகத்தில் எல்லா எழுத்தையும் ‘இடம் மாறாது’ என்று அறிவித்துவிட்டான், ஒரு ஸ்டெப்புக்கான நேர இடைவெளி உட்பட. அது வெறும் எண், அணி கிடையாது. அதற்கு த என்று பெயர் வைத்தால் அவன் கணக்கு இப்போது (க + தச)³. விரித்தால் ககதச, கதசக, தசகதச என்று எட்டு உறுப்புகள், த ஆங்காங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறது. “என்ன மாமா, சுருக்கவே மாட்டேங்குது” என்று ஃபோனை நீட்டினான். இந்தத் தொல்லையை நான் சந்தோஷமாக வாங்கிக்கொள்வேன். நீளமாக இருக்கிறதே தவிர ஒரு எழுத்துகூட இடம் மாறவில்லை. த-வை மட்டும் சாதாரண எண் என்று திரும்ப அறிவிக்கச் சொன்னேன். உடனே த-வின் அடுக்குப்படி நான்கு வரியாகத் தொகுக்க முடிந்தது. முதல் வரி க³. இரண்டாவது த(க²ச + கசக + சக²). த ரொம்பச் சின்னது என்பதால் அவனுக்கு அந்த இரண்டு வரியே போதும், மற்றதை ரிப்போர்ட்டிலிருந்து அடித்துவிட்டான்.